எனது கணனித் திரை கற்றுத் தந்தவை

கணனித் திரையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றபோது என் மகள் சிரித்தாள். "அம்மா, பெம்பிளையள் வாசிக்கிற புத்தகத்தில அதை ஆர் வாசிக்கப் போகினம்?" என்று கேட்டாள். ஆனால் 2011ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தத் திரைக்கு முன்னால் இருந்து நான் செய்யும் வேலையால்தான். தையல் இயந்திரம் வாங்கும்போது ஊசியையும் நூலையும் ஓட்டிப் பார்க்க எமக்குத் தெரியும். ஆடு வாங்கும்போது பல்லைப் பார்க்கத் தெரியும். கணனித் திரை வாங்கும்போது மட்டும் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். நானும் அப்படித்தான் வந்தேன். அதனால் பட்டதையும் பின்பு கற்றதையும் என்னைப் போன்ற சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வீதியோரத்தில் சிறிய கடையொன்று வைத்திருக்கிறேன். தட்டச்சு, போட்டோக்கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், பழைய படங்களைப் பெருப்பித்துக் கொடுத்தல் என்பனவே தொழில். கணவரை 2009இல் இழந்தேன். பிள்ளைகள் இருவர்.

பாரப் பெட்டி

2002இல் சமாதானம் வந்து பாதை திறந்த பின்னர்தான் கணனி பழகினேன். சிறிது காலத்தில் சொந்தமாகவும் ஒன்று வாங்கினோம். அப்போதைய மொனிற்றர் பழைய தொலைக்காட்சிப் பெட்டி போல இருக்கும். பதினேழு அங்குலப் பெட்டி ஏறக்குறைய பதினைந்து கிலோ பாரம். ஜெனரேற்றரில் ஓட்டும்போது அது மட்டும் எண்பது வாற் வரையில் குடிக்கும்.

2008 இறுதியில் இடம்பெயர்ந்தபோது லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்குள் அரிசிக்கும் பாய்க்கும் பிள்ளைகளுக்கும்தான் இடம் இருந்தது. மொனிற்றரைப் படுக்கை விரிப்பால் மூடி மேசையிலேயே விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போனேன். 2010இல் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது திறப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

முதல் மெல்லிய திரை

2011இல் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கிடைத்த சுழற்சிக் கடனில் மீண்டும் தொழிலைத் தொடங்கினேன். பாவித்த கணனி ஒன்றும், பாவித்த பதினேழு அங்குல எல்.சி.டி. திரை ஒன்றும் வாங்கத் தம்பியுடன் போனேன். கேள்வி கேட்டது நான். கடைக்காரர் பதில் சொன்னதெல்லாம் தம்பியின் முகத்தைப் பார்த்துத்தான். திரையில் பெரிய சிவப்புப் பூ ஒன்றின் படம் போட்டுக் காட்டினார். வடிவாக இருந்தது. 8,500 ரூபா கொடுத்து வாங்கி வந்தேன். பூப்படத்தில் எந்தக் குறையும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டியதும் எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தன. கணனியில் அளவை மாற்றி 1024க்கு 768 என்று வைத்தேன். எழுத்து பெரிதாகியது. ஆனால் விளிம்புகள் பனி பிடித்தது போல மங்கலாயின. எனக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஒரு நாள் ஒரு சகோதரி கண்ணீரோடு வந்தார். நான் அடித்துக் கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அடையாள அட்டை இலக்கத்தில் 3 வரவேண்டிய இடத்தில் 8 இருந்தது. அந்த ஒரு இலக்கத்துக்காக அவர் கைக்குழந்தையோடு இரண்டு பஸ் மாறி மீண்டும் போகவேண்டியிருந்தது. பஸ் காசை நான் கொடுத்தேன். ஆனால் அவருடைய அந்த ஒரு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்று பழைய கோவைகளைத் திறந்து பார்த்தேன். பாமினி எழுத்தில் அடித்த பெயர்களில் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி பல இடங்களில் விடுபட்டிருந்தது. திரையில் அது இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிந்ததேயில்லை.

காரணம் இதுதான். பழைய பெட்டித் திரையில் எந்த அளவை வைத்தாலும் ஓரளவு தெளிவாகத் தெரியும். எல்.சி.டி. திரையில் அப்படியில்லை. பன்னப்பாய்க்கு இத்தனை கட்டம் என்று இருப்பதுபோல, அதற்குள் எண்ணி வைத்த புள்ளிகள் இருக்கின்றன. என்னுடைய திரையில் அகலத்துக்கு 1280, உயரத்துக்கு 1024. அதே எண்ணிக்கையைக் கணனியிலும் வைத்தால்தான் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி சரியாக விழும். வேறு அளவு வைத்தால் ஒரு புள்ளியை ஒன்றேகால் புள்ளியாக இழுத்துக் காட்டவேண்டி வரும். அதனால்தான் மங்கல். அத்தோடு 1024க்கு 768 என்பதன் வடிவமும் வேறு. அதை அந்தத் திரையில் நிரப்பியபோது முகங்களும் சற்று நீண்டு தெரிந்தன.

அளவைத் திருப்பி 1280க்கு 1024 ஆக்கினேன். 3 வேறாகவும் 8 வேறாகவும் நின்றன. எழுத்து சிறிதாக இருந்தால் அடிக்கும் பக்கத்தைத்தான் நூற்றைம்பது வீதமாகப் பெருப்பிக்கவேண்டும். திரையின் அளவைக் குறைக்கக் கூடாது.

"என்ர பிள்ளை கறுவல்"

இரண்டாவது பாடத்தை ஒரு தாய் கற்றுத் தந்தார். அவரிடம் மிஞ்சியிருந்தது மகனின் கடவுச்சீட்டு அளவுப் படம் ஒன்று மட்டுமே. ஈரம் பட்டு ஓரம் உப்பியிருந்தது. அதைப் பெருப்பித்துத் தரும்படி கேட்டார். இரண்டு மணித்தியாலம் இருந்து கறைகளை நீக்கினேன். படம் இருட்டாக இருப்பதாகத் தோன்ற, வெளிச்சத்தையும் கூட்டி அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"வடிவா இருக்குது பிள்ளை. ஆனா என்ர பிள்ளை இவ்வளவு வெள்ளையில்லை. அவன் கறுவல்" என்றார்.

அவர் குறை சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தாயிடம் வேறு யாரோ ஒருவரின் பிள்ளையைக் கொடுத்துவிட்டது போல இருந்தது.

பிழை எங்கே என்று தேடினேன். என் மேசை உயரம், கதிரை பதிவு. திரையை நான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மலிவான எல்.சி.டி. திரைகள் பெரும்பாலும் டி.என். என்ற வகை. அதைக் கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு தெரியும். மேலிருந்து பார்த்தால் வெளிறித் தெரியும். இருட்டு என் பார்வையில் இருந்தது, படத்தில் இருக்கவில்லை. நான் இல்லாத குறைக்கு வெளிச்சம் கூட்டியிருக்கிறேன். மேசைக் கால்களை வெட்டுவித்து, திரையின் மேல்விளிம்பு என் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்தேன். படத்தை மீண்டும் செய்து கொடுத்தேன். இம்முறை அவர் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டு போனார்.

ஐ.பி.எஸ். என்ற வகைத் திரையில் எப்பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. படவேலை செய்பவர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதை வாங்குவது நல்லது. தட்டச்சு மட்டும் என்றால் டி.என். போதும், நேராக வைத்துப் பார்த்தால் சரி.

திரை இருண்ட இரவு

2014 ஜனவரியில் காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்வுகளை நடத்தியது. அதற்கு முதல்நாள் என்னிடம் பதினொரு படங்களும் ஆறு கடிதங்களும் இருந்தன. காலையில் தருவதாகச் சொல்லியிருந்தேன். இரவு எட்டு மணியளவில் திரை திடீரென இருண்டது. நிறுத்திப் போட்டேன். படம் இரண்டு செக்கன் தெரிந்தது. மீண்டும் இருள். பச்சை வெளிச்சம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தாய்மார் தந்த படங்கள் எல்லாம் உள்ளே அழிந்து போய்விட்டன என்றுதான் நினைத்தேன். கைகள் நடுங்கின.

நகரில் கணனி திருத்தும் தம்பி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, பயப்பிடாதேங்கோ. கடை லைற்றை நூத்துப்போட்டு, ரோச் லைற்றைத் திரைக்குக் கிட்டச் சரிச்சுப் பிடிச்சுப் பாருங்கோ" என்றார். அப்படியே செய்தேன். ரோச் வெளிச்சத்துக்குள், நான் வேலை செய்துகொண்டிருந்த முகம் மங்கலாகத் தெரிந்தது. கண், மூக்கு, நெற்றியில் இருந்த விபூதி எல்லாம் அப்படியே இருந்தன.

"தெரியுதோ அக்கா? அப்ப படம் இருக்குது. பின்னால இருக்கிற வெளிச்சந்தான் போட்டுது. கொம்பியூட்டருக்கு ஒண்டுமில்லை" என்றார்.

எல்.சி.டி. தானாக ஒளிராது. அது ஒரு நிறக்கண்ணாடி யன்னல் போன்றது. பின்னால் ஒரு விளக்கு எரிந்தால்தான் எமக்குத் தெரியும். விளக்கு அணைந்தாலும் யன்னல் அப்படியே இருக்கும். கோவைகளோ கணனிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். இதை அறிந்ததும் என் நடுக்கம் நின்றது. ரோச்சைப் பிடித்துக்கொண்டே செய்த வேலையைச் சேமித்தேன். அருகில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவரிடம் திரையை இரவல் கேட்டேன். மகள் அதைச் சேலையில் சுற்றிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வந்தாள். இரவு இரண்டு மணிக்குப் பதினோராவது படம் அச்சாகியது.

பின்னர் அந்தத் தம்பி திரையைத் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்த மெல்லிய குழாய் விளக்குகளில் ஒன்று முடிந்திருந்தது. ஒன்று பழுதானாலும் பாதுகாப்புக்காக மற்றவற்றையும் அந்தச் சுற்று நிறுத்திவிடுமாம். கண்ணாடி உடைந்து கிடந்த வேறொரு திரையிலிருந்து விளக்கை எடுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் திரை இன்னும் சில வருடங்கள் உழைத்தது.

வாங்கும்போது கவனிக்கவேண்டியவை

2019இல் சீட்டுக் காசில் புதிய திரை வாங்கப் போனபோது தம்பியைக் கூட்டிப் போகவில்லை. ஒரு பென்ட்ரைவ் மட்டும் கொண்டுபோனேன். அதில் முழுவெள்ளை, முழுக்கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுப் படங்களும், சிறிய தமிழ் எழுத்தில் ஒரு பக்கமும், ஒரு முகப்படமும் இருந்தன. கடைக்காரத் தம்பி முதலில் சிரித்தார். கறுப்புப் படத்தைப் போட்டபோது திரையின் நடுவில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறொன்றை எடுத்து வந்தார். நீங்களும் இப்படிச் செய்யலாம்.

ஐந்து நிறங்களையும் ஒவ்வொன்றாகத் திரை நிறையப் போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் நிறப்புள்ளி, கோடு, ஓரங்களில் மஞ்சள் படிவு என்பன இருந்தால் தெரியும். ஓரிரு புள்ளிகளுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். ஆகவே காசு கொடுக்க முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகப்படத்தைப் போட்டுவிட்டு, நின்றும் குனிந்தும் இரு பக்கமும் போயும் பாருங்கள். முகத்தின் நிறம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும்.

திரையின் இயல்பான அளவை அதில் வைத்தே எழுத்தை வாசித்துப் பாருங்கள். 21.5 அங்குலத் திரைகளில் அது பெரும்பாலும் 1920க்கு 1080. 18.5 அங்குலத்தில் 1366க்கு 768.

உங்கள் கணனியின் பின்பக்கத் துளைகளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பழைய கணனிகளில் பதினைந்து துளையுள்ள நீலநிற வி.ஜி.ஏ. இருக்கும். புதியவற்றில் எச்.டி.எம்.ஐ. இருக்கும். இரண்டும் இருந்தால் எச்.டி.எம்.ஐ. வயரைக் கொழுவுங்கள். எழுத்து தெளிவாக இருக்கும்.

பாவித்த திரையென்றால் அரைமணித்தியாலமாவது எரியவிட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லாத் திரையும் நல்ல திரைதான்.

பெட்டியில் எல்.ஈ.டி. என்று எழுதியிருந்தால் அது வேறு இனம் என்று எண்ணவேண்டாம். கடைகளில் அப்படி விற்கப்படும் சாதாரண கணனித் திரைகளும் எல்.சி.டி.தான். பின்விளக்கு மட்டும் எல்.ஈ.டி. அதனால் மின்சாரம் குறைவு. என் பழைய திரை முப்பத்தைந்து வாற் எடுத்தது. புதியது இருபது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டு இருந்தபோது, மகன் பூட்டித் தந்த பற்றறியில் கடையை நடத்த முடிந்தது இதனாலும்தான். கொன்ராஸ்ட் இத்தனை இலட்சம் என்று பெட்டியில் அடித்திருப்பதை நம்பிக் கூடக் காசு கொடுக்காதீர்கள். அது விளம்பரத்துக்கான கணக்கு.

பழுது வந்தால்

திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் முதலில் பவர் வெளிச்சத்தைப் பாருங்கள். அது எரியவில்லையென்றால் பிளக்கையும் வயரையும் சோதியுங்கள். அது எரிந்தும் படம் இல்லையென்றால், கணனியிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிடுங்கள். 'சிக்னல் இல்லை', 'வயரைப் பார்' என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஏதாவது எழுத்து வந்தால் திரை நன்றாக இருக்கிறது. பழுது வயரில் அல்லது கணனியில். இதை அறியாமல் நல்ல திரையைத் திருத்தக் கொடுத்துக் காசை இழந்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

திரை முழுவதும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ மாறினால் வி.ஜி.ஏ. வயரின் ஊசி வளைந்திருக்கலாம், அல்லது இறுக்கமில்லாமல் இருக்கலாம். படம் ஒரு பக்கம் விலகி நின்றால், வி.ஜி.ஏ. வயரென்றால் திரையிலுள்ள 'ஓட்டோ' பொத்தானை அழுத்துங்கள். இரண்டு செக்கனில் இருண்டால் ரோச் பிடித்துப் பாருங்கள். பவர் வெளிச்சம் மின்னி மின்னி, திரை எரிய நேரமெடுத்தால் உள்ளே கொண்டென்சர்கள் உப்பியிருக்கக்கூடும். 2016இல் என் பழைய திரைக்கு இதுவே நடந்தது. மாற்றிய சாமான் மலிவு. கூலிதான் செலவு. மேலிருந்து கீழாக நிலையான கோடு விழுந்தால், திரையின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். கோடு அதன் மேலாலும் போனால் பழுது கண்ணாடித் தட்டில். அதைத் திருத்தச் செலவழிப்பது வீண்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். திரையை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பழைய குழாய் விளக்குகளில் சிறிதளவு பாதரசமும் உண்டு. உடைந்த திரையைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடவேண்டாம்.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். வீதி போடும் காலத்தில் கடைக்குள் ஒரே புழுதி. சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துத் திரையில் கீறல் விழுத்தினேன். திரையை நிறுத்திவிட்டு, மெல்லிய பருத்தித் துணியை இலேசாக நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

பயம் தெளிந்தது

இதையெல்லாம் நான் படித்துப் பட்டம் பெற்று அறியவில்லை. ஒவ்வொன்றையும் இழப்பில் அறிந்தேன். ஏதாவது இருண்டவுடன் எல்லாம் போய்விட்டது என்று பதறுவது எங்களில் பலருக்குப் பழகிவிட்டது. அவ்வளவு இழந்திருக்கிறோம். ஆனால் எது போனது, எது இருக்கிறது என்று நின்று பார்க்கப் பழகிய பின்னர் என் கை நடுங்குவது குறைந்திருக்கிறது.

அந்தத் தாய் இன்னும் என் கடைக்கு வருகிறார். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியதிலிருந்து, அந்தப் படத்தை வெயிலில் பிடித்துப் பிடித்து நிறம் மங்கிவிடுகிறது. மங்கும்போதெல்லாம் புதிய பிரதி எடுக்கிறார். நான் காசு வாங்குவதில்லை. அந்தப் பிள்ளையின் நிறம் எனக்கு இப்போது பாடம்.

சகோதரிகளே, நாளை நீங்களும் ஒரு கடன் எடுத்து ஒரு கணனி வாங்கக்கூடும். கடையில் கேள்வி கேட்க வெட்கப்படாதீர்கள். பதில் உங்கள் முகத்தைப் பார்த்து வரும்வரை கேளுங்கள். உங்கள் பென்ட்ரைவையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.